பொதுத்துறை இணையதளத்தில் அணுகல்தன்மை: ஓரத்தில் ஒரு கருவிப்பட்டை வைத்தால் போதுமா?

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் சிறிய குழுவில் இருக்கிறேன். தளத்தை முழுதாகப் புதுப்பிக்கப் போகிறோம். மாற்றுத்திறனாளிகள் பிறர் உதவி இல்லாமல் பயன்படுத்தும்படி அது இருக்க வேண்டும் என்று மேலிடமே சொல்லியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் தளத்தைச் செய்து தர வந்திருக்கும் நிறுவனம் சொல்லும் வழி உறுத்துகிறது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னம் வைப்பார்களாம். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், பக்கத்தை வாசித்துக் காட்டும். ஒரு வரி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) சேர்த்தால் தளம் டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மைத் தரத்துக்கு வந்துவிடும் என்கிறார்கள்.

இது நடக்கிற காரியமா? எங்கள் தளத்தில் இருப்பவை: அறிவிப்புகள் (பெரும்பாலும் பிடிஎஃப்), விண்ணப்பப் படிவங்கள், விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கும் பக்கம், கொஞ்சம் காணொலிகள். அடுத்த கூட்டத்தில் பேசத் தெளிவான விவரம் வேண்டும். இப்படிப்பட்ட தளங்களில் அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்களே சொன்னால் இன்னும் நல்லது.

செவிவழி எழுதியது:

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரை வாசிப்பான்களைப் பயன்படுத்துகிறேன்: கணினியில் என்விடிஏ, கைபேசியில் டாக்பேக். அந்த ஓரச் சின்னம் என்னைப் போன்றவர்களுக்காக என்று சொல்லித்தான் விற்கப்படுகிறது. அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன்: எனக்கு அது வேண்டாம். வாசித்துக் காட்ட என்னிடம் ஏற்கெனவே திரை வாசிப்பான் இருக்கிறது. அது இல்லாமல் உங்கள் தளம் வரைக்கும் நான் வந்து சேரவே முடியாது. வந்த பிறகு இன்னொரு குரல் குறுக்கே பேசினால் இரண்டுமே காதில் ஏறாது.

ஒரு பக்கத்துக்குள் போனதும் நான் எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை கேட்டுக்கொண்டிருப்பதில்லை. எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவேன். தடித்த பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, பக்கத்தை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லில் தலைப்பு என்று குறிக்காமல் விட்டால் என்னைப் பொறுத்தவரை அங்கே தலைப்பே இல்லை. இணைப்புகளின் பட்டியலைத் திறந்தால் "இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், பதிவிறக்கு, பதிவிறக்கு" என்று வரிசையாக வரும். எது எதை இறக்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படிவம்தான் பெரிய சோதனை. பெட்டிக்கு மேலே "தந்தை பெயர்" என்று எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த எழுத்தையும் பெட்டியையும் லேபிள் குறியால் இணைக்காவிட்டால், எழுதுவதற்கு ஒரு காலிப் பெட்டி இருக்கிறது என்று மட்டும்தான் எனக்குக் கேட்கும். அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகு, தவறு எங்கே என்பதைச் சிவப்பு நிறத்தில் மட்டும் காட்டினால் எனக்கு மௌனம்தான் மிஞ்சும். போனதா, போகவில்லையா என்று தெரியாமல் மறுபடி அழுத்துவேன். இதில் எதையும் அந்தச் சின்னம் சரிசெய்து நான் பார்த்ததில்லை.

யாரையாவது வைத்து நிரப்பலாமே என்பார்கள். நிரப்பலாம். ஆனால் என் வருமானம், என் நோய், வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். இது அந்தரங்கம் சம்பந்தப்பட்டது என்று கூட்டத்தில் அழுத்திச் சொல்லுங்கள்.

குறிமுறை எழுதியது:

நான் முன்முனை நிரல் எழுதுகிறவள். தாழ்வாரம், உங்கள் கூட்டத்துக்குப் பயன்படும் விவரங்கள் சில.

டபிள்யூசிஏஜி என்பது, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் அணுகல்தன்மை நெறிமுறை. 2.0 பதிப்பு 2008இலும், 2.1 2018இலும், 2.2 2023 அக்டோபரிலும் வந்தன. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று நிலைகள். சட்டங்கள் பொதுவாகக் கேட்பது ஏஏ. 2.2இல் ஏ, ஏஏ இரண்டும் சேர்ந்தால் 55 அளவுகோல்கள். அவற்றில் பல, மனிதர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவை. படத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது என்று ஸ்கிரிப்ட் ஊகிக்கலாம். அந்தப் படம் அந்தப் பக்கத்தில் எதற்காக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

"ஒரு வரி சேர்த்தால் இணக்கம்" என்ற பேச்சுக்கு நேரடியான பதில் ஒன்று உண்டு. தன் கருவி எந்தத் தளத்தையும் டபிள்யூசிஏஜிக்கு இணங்க வைக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற உத்தரவை 2025 ஜனவரியில் அறிவித்தது. இதை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. ஏறத்தாழ 95 விழுக்காடு பக்கங்களில் குறை அகப்படுகிறது. அகப்படுவதில் பெரும்பங்கு திரும்பத் திரும்ப அதே ஆறுதான்: எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய வேறுபாடு இல்லாதது, படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை இல்லாதது, படிவப் பெட்டிக்கு லேபிள் இல்லாதது, பெயரில்லாத இணைப்பு, பெயரில்லாத பொத்தான், பக்கத்தின் மொழி குறிக்கப்படாதது. கடைசியானதை நாம் ரொம்ப அலட்சியம் செய்கிறோம். தமிழ்ப் பக்கத்தில் மொழி தமிழ் என்று குறிக்காவிட்டால், திரை வாசிப்பான் அதை ஆங்கிலக் குரலிடமே விட்டுவிடலாம். நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அதற்கும் தனியாகக் குறிக்க வேண்டும்.

இன்னொன்று, ஏரியா (ARIA) குறிகளை, அதாவது எது பொத்தான், எது மெனு என்று திரை வாசிப்பானுக்குச் சொல்ல நிரலில் கூடுதலாகச் சேர்ப்பவற்றை, அள்ளித் தெளித்து நல்ல பெயர் வாங்கப் பார்ப்பார்கள். உண்மையான பொத்தான் குறியைப் போட்டால் விசைப்பலகையும் திரை வாசிப்பானும் தாமாகவே அதைப் புரிந்துகொள்ளும். தனக்கென்று பொருளில்லாத வெறும் பெட்டியான டிவ் குறிக்குப் பொத்தான் வேடம் கட்டினால் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். தவறான ஏரியாவுக்கு, ஏரியாவே இல்லாதது மேல்.

மேசைக்கோப்பு எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நானும் அலுவலகப் பக்கத்து ஆள்தான். பணமும் ஆளும் குறைவு, பழைய பக்கங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். எல்லாவற்றையும் மாற்றி எழுதும்வரை ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு, எழுத்தைப் பெரிதாக்கும் வசதியாவது கொடுக்கலாமே? தானியங்கிக் கருவியால் சோதித்து, அது பச்சை காட்டும்வரை திருத்தினால் போதாதா? எத்தனை பேர் இந்த வசதிகளைக் கேட்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

உருப்பெருக்கி எழுதியது:

> எழுத்தைப் பெரிதாக்கும் வசதியாவது கொடுக்கலாமே

எனக்குக் குறைபார்வை. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உலாவியிலேயே இருக்கிறது, இயங்குதளத்திலும் இருக்கிறது. நான் கேட்பது, நான் பெரிதாக்கும்போது உங்கள் பக்கம் உடையாமல் இருக்க வேண்டும் என்பதுதான். 400 விழுக்காட்டில் பாருங்கள். 1280 பிக்சல் அகலத் திரையில் அது 320 பிக்சலுக்குச் சமம். உள்ளடக்கம் ஒரே பத்தியாகக் கீழே இறங்கினால் படிக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருந்தால் பாதியில் விட்டுவிடுவேன். மேலே ஒட்டிக்கொண்டே வரும் தலைப்புப் பட்டை பெரிதாக்கிய திரையில் பாதியை விழுங்கிவிடும். கைபேசியில் விரலால் பெரிதாக்குவதையே தடுத்து வைத்திருக்கும் தளங்களும் உண்டு.

வெளிர் சாம்பல் எழுத்தை யாரும் போடாதீர்கள். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்று விகிதமே வகுத்திருக்கிறார்கள். அதை அளக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. அப்புறம் அந்த ஓடும் அறிவிப்பு வரி! ஐந்து விநாடிக்கு மேல் தானாக ஓடுவதை நிறுத்த வழி தர வேண்டும் என்பது ஏ நிலையிலேயே இருக்கிறது. உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு ஓடும் எழுத்தைத் துரத்துவது எவ்வளவு களைப்பு என்று சொல்லி மாளாது.

குறிமுறை எழுதியது:

மேசைக்கோப்பு, கோபம் இல்லை. நீங்கள் கேட்டதைத்தான் கூட்டத்திலும் கேட்பார்கள்.

கருவி பச்சை காட்டுவது பற்றி: பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு, வேண்டுமென்றே குறைகளை நிரப்பிய ஒரு பக்கத்தை உருவாக்கிச் சோதனைக் கருவிகளை அதன்மீது ஏவிப் பார்த்தது. மிகச் சிறந்த கருவிகூடப் பாதிக் குறைகளைக் கண்டுபிடிக்கவில்லை. கருவி முதல் சல்லடையாக இருக்கட்டும். மாற்று உரை இருக்கிறதா என்று அது சொல்லும். அந்த உரை "படம்1" என்று இருந்தாலும் பச்சைதான் காட்டும்.

எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது பற்றி: உள்ளே வர முடியாதவர் உங்கள் வருகைக் கணக்கில் எப்படி வருவார்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலக மக்களில் 16 விழுக்காடு, அதாவது 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாட்டுடன் வாழ்கிறார்கள். தனியார் கடை சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பொதுத்துறைச் சேவைக்கு அடுத்த கடை கிடையாது.

செலவு என்ற வாதம் பழையது. சிட்னி ஒலிம்பிக்கின் இணையதளத்தைத் தன்னால் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்றவர் ஒருவர் புகார் கொடுத்தார். திருத்துவது தாங்க முடியாத சுமை என்று அமைப்புக் குழு சொன்னதை ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் 2000ஆம் ஆண்டில் ஏற்கவில்லை. போதுமான அளவு திருத்தாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் விதித்தது. அந்தப் புகாரில் இருந்த ஒரு முக்கியக் குறை, படங்களுக்கு மாற்று உரை இல்லை என்பது!

ஒற்றைவிசை எழுதியது:

கை நடுக்கம் காரணமாக எனக்கு மவுஸ் சரிப்படாது. விசைப்பலகையும், சில நேரம் கணினியை இயக்கும் ஒற்றைப் பொத்தான் கருவியான ஒரு ஸ்விட்சும் மட்டுமே. தாழ்வாரம், இப்போதே உங்கள் தளத்தைத் திறந்து மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையால் மட்டும் ஒரு விண்ணப்பத்தை முடித்துப் பாருங்கள். எந்தக் கருவியும் வேண்டாம்.

முதலில் கண்ணில் படுவது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியாது. அழகாக இல்லை என்று குவியத்தை, அதாவது விசைப்பலகை இப்போது நிற்கும் இடத்தை, சுற்றியுள்ள கோட்டை வடிவமைப்பாளர் எடுத்திருப்பார். மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனு திறக்காது. பிறந்த தேதிக்கு நாட்காட்டியை மட்டும் கொடுத்திருந்தால் மாதம் மாதமாகப் பல பத்தாண்டுகள் பின்னால் போக வேண்டும். நாள், மாதம், ஆண்டு என்று தட்டச்சு செய்ய மூன்று பெட்டி கொடுத்தால் நிமிடத்தில் முடிந்துவிடும்.

அடுத்து நேரம். மெதுவாக நிரப்புகிறேன், கடைசிப் பக்கத்தில் "அமர்வு முடிந்தது" என்று முகப்புக்குத் தள்ளிவிடுவார்கள், நிரப்பியதெல்லாம் போய்விடும். நேரம் முடியும் முன் எச்சரித்து, எளிதாக நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடியாவது தர வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. இடையில் சேமிக்கும் வசதி தந்தால் அதைவிட நல்லது.

உள்நுழைவுதான் எல்லாருக்கும் பொதுவான சுவர். வளைந்து நெளிந்த எழுத்தைப் படித்து எழுதும் கேப்ட்சா செவிவழி போன்றவர்களைத் தடுக்கும். ஒலி கேப்ட்சா காது கேளாதவரைத் தடுக்கும். புதிர் போடுவது நினைவாற்றல், கற்றல் குறைபாடு உள்ளவர்களைத் தடுக்கும். 2.2 பதிப்பு இதற்காகவே ஓர் அளவுகோலைச் சேர்த்திருக்கிறது: நினைவில் வைத்து எழுதுவதையோ புதிரை விடுவிப்பதையோ உள்நுழைய ஒரே வழியாக வைக்கக் கூடாது. கடவுச்சொல் பெட்டியில் ஒட்டுவதைத் தடுக்காமல் இருந்தாலே பாதி உபகாரம்.

கேமரா முன் கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் சரிபார்ப்பும் இதே கதைதான். அமிலத் தாக்குதலில் கண்ணிமை பாதிக்கப்பட்டவர்கள் சிமிட்ட முடியாமல் வங்கிச் சேவையே கிடைக்காமல் நின்றார்கள். அந்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று 20 வழிகாட்டுதல்கள் பிறப்பித்தது. டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாகவே பார்த்தது.

அச்சுக்கோப்பு எழுதியது:

பிடிஎஃப் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. ஆவணங்களைத் தயார் செய்வதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தமிழ் பிடிஎஃப் பெரும்பாலும் மூன்று விதமாக வருகிறது. முதலாவது, கையெழுத்தும் முத்திரையும் போட்ட தாளை ஸ்கேன் செய்தது. அது வெறும் படம், திரை வாசிப்பானுக்கு வெற்றுப் பக்கம். இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. வாசிக்கச் சொன்னால் பொருளற்ற எழுத்துக் குவியல்தான் வரும், தேடுபொறியிலும் சிக்காது. மூன்றாவது, யூனிகோடில் அடித்தும் ஏற்றுமதியில் கெட்டுப்போனது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி நிற்கும்.

சோதிக்க எளிய வழி: ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே குழம்பியிருந்தால் திரை வாசிப்பானுக்குப் போவதும் அந்தக் குழப்பம்தான். அங்கே சரியாக வந்தாலும் வேலை முடியவில்லை. தலைப்பு, பட்டியல், அட்டவணை எது என்று சொல்லும் குறியீடுகள் ஆவணத்துக்குள் இருக்க வேண்டும். வேர்டில் தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்தி எழுதி, பிடிஎஃப் ஆகச் சேமித்தால் அவை பெரும்பாலும் கூடவே வரும். "அச்சிடு" வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் பொதுவாக அவை உதிர்ந்துவிடும்.

என் அழுத்தமான கருத்து: அறிவிப்பைப் பக்கமாகவே, எச்டிஎம்எல்லில் போடுங்கள். கைபேசியில் படிப்பவருக்கும் அதுதான் நல்லது.

மேசைக்கோப்பு எழுதியது:

கையெழுத்திட்ட பிரதிதான் சட்டப்படி செல்லும். அதை எப்படி எடுத்துவிட முடியும்? பழைய ஆணைகளை யார் உட்கார்ந்து தட்டுவது?

அச்சுக்கோப்பு எழுதியது:

எடுக்க வேண்டாம். பக்கத்தில் முழு வாசகமும் இருக்கட்டும், அதன் கீழே கையெழுத்திட்ட பிரதிக்கு இணைப்பு கொடுங்கள். கையெழுத்துக்குப் போவதற்கு முன் அந்த வாசகம் யாரோ ஒருவர் கணினியில் கோப்பாகத்தான் இருந்தது. அதை வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால் மறுபடி தட்ட வேண்டியதே இல்லை. பழையவற்றுக்கு பொதுத்துறை இணையதளங்களின் அணுகல்தன்மை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு ஆணை நல்ல வழி காட்டுகிறது. 2018 செப்டம்பர் 23க்கு முன் வெளியான அலுவலகக் கோப்புகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் இன்றும் நடைமுறையில் உள்ள பணிகளுக்குத் தேவைப்படும் கோப்புகளுக்கு விலக்கு இல்லை. நீங்களும் அப்படியே பிரிக்கலாம்.

கைமொழி எழுதியது:

எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. காணொலிக்கு வசன வரி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தானியங்கி வசனத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பெயரும் தொகையும் கடைசித் தேதியும் அதில்தான் பிழையாகும், பார்க்கிறவருக்கு முக்கியமானவையும் அவைதான். ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும். சைகை மொழியே முதல் மொழியாக உள்ள பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. "மேற்படி இனத்தில் உரிய சான்றாவணங்களுடன்" என்று தொடங்கும் வாக்கியம் எங்களை வெளியே நிறுத்திவிடும். முக்கியமான சேவை விளக்கங்களுக்குச் சைகை மொழிக் காணொலி சேருங்கள். ஏஏ நிலை அதைக் கேட்கவில்லை என்றாலும் சேருங்கள்.

அப்புறம் தொடர்பு எண். "உதவிக்கு அழைக்கவும்" என்று தொலைபேசி எண்ணை மட்டும் போடுகிறார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப் பக்கத்திலும்கூட! மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ எழுத்தில் பேச ஒரு வழி கட்டாயம் வேண்டும். அதற்கு யாராவது பதிலும் போட வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளி எழுதியது:

கொள்முதல் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே எல்லோரும் சொன்னவை டெண்டர் ஆவணத்தில் ஏறாவிட்டால் நடக்காது. ஐரோப்பாவின் அணுகல்தன்மைத் தரநிலையான ஈஎன் 301 549 பொதுத்துறைக் கொள்முதலுக்காகத்தான் முதலில் எழுதப்பட்டது. இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஐஎஸ் 17802 தரநிலையும் அரசு இணையதள வழிகாட்டு நெறிகளும் துணைக்கு இருக்கின்றன.

"அணுகல்தன்மையுடன் இருக்க வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எல்லோரும் "ஆம்" என்று கட்டத்தை நிரப்புவார்கள். "டபிள்யூசிஏஜி 2.2, ஏஏ நிலை" என்று எழுதுங்கள். ஏற்புச் சோதனையைப் பணிகளாக எழுதுங்கள்: விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் ஒப்புகைச் சீட்டு வரை விசைப்பலகையால் மட்டும், பிறகு என்விடிஏயால், டாக்பேக்கால், 400 விழுக்காடு பெரிதாக்கி முடிக்க முடிய வேண்டும். அதில் தேறும்வரை கடைசித் தவணை நிறுத்தி வைக்கப்படும் என்ற விதியும் இருக்கட்டும். ஓவர்லே கருவியை (அந்த ஓரச் சின்னம் போன்றதை) இணக்கத்துக்கான சான்றாக ஏற்க மாட்டோம் என்று தனி வரியாகவே போடலாம். பணம் செலுத்தும் பக்கம், வரைபடம், அரட்டைப் பெட்டி என்று வெளியிலிருந்து இணைப்பவையும் இதே நிபந்தனைக்குள் வர வேண்டும். பெரும்பாலும் விண்ணப்பம் கடைசிப் படியில் நிற்பது அங்கேதான்.

மதிப்பீட்டின்போது ஒப்பந்ததாரர் முன்பு செய்து கொடுத்த தளத்தைத் திறந்து டேப் விசையை அழுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் நிறையத் தெரிந்துவிடும்.

தாழ்வாரம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒற்றைவிசை சொன்னபடி எங்கள் விண்ணப்பத்தை டேப் விசையால் முயன்றேன். ஆவணம் பதிவேற்றும் இடத்தில் நின்றுவிட்டது. அந்தப் பொத்தானுக்குக் குவியமே போகவில்லை. அச்சுக்கோப்பு சொன்ன நோட்பேடு சோதனையில் எங்கள் அண்மை அறிவிப்புகள் பலவும் கெட்டுப்போய் வந்தன. இரண்டையும் கூட்டத்தில் நேரிலேயே செய்து காட்டப் போகிறேன்.

நான் கேட்கப் போவது இது. ஓரச் சின்னம் வேண்டாம். முதல் கட்டத்தில், அதிகம் பேர் வரும் விண்ணப்பமும் நிலை பார்க்கும் பக்கமும் உள்நுழைவும் முழுதாகச் சரியாக வேண்டும். புதிய அறிவிப்புகள் இனி எச்டிஎம்எல்லில் மட்டும். ஒப்பந்தப்புள்ளி சொன்ன ஏற்புச் சோதனையை டெண்டரில் சேர்க்க வேண்டும். ஒரு கேள்வி மிச்சம்: மாற்றுத்திறனாளிகளை வைத்துச் சோதிப்பதை எந்தக் கட்டத்தில் வைப்பது? எப்படி அழைப்பது?

செவிவழி எழுதியது:

தளம் முடிந்த பிறகு அழைக்காதீர்கள். அப்போது நாங்கள் சொல்வதெல்லாம் "அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்று போய்விடும். படிவத்தின் முதல் மாதிரி ஓடத் தொடங்கியதும் கூப்பிடுங்கள். பார்வையற்றவர் ஒருவரை மட்டும் உட்கார வைத்து முடித்துவிடாதீர்கள். உருப்பெருக்கியும் ஒற்றைவிசையும் கைமொழியும் சொன்னவற்றில் பாதி எனக்கே தெரியாது. அவரவர் சொந்தக் கருவியில், சொந்த அமைப்பில் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து வழி சொல்லாமல் பாருங்கள். செலவிடும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள், இது வேலை. அந்தத் தொகையையும் இப்போதே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

தளம் வெளியானதும் அணுகல்தன்மை அறிக்கை என்று ஒரு பக்கம் வையுங்கள். எது வேலை செய்கிறது, எது இன்னும் செய்யவில்லை, எப்போது சரியாகும், யாருக்கு எழுதுவது என்று அதில் இருக்கட்டும். நிலை பார்க்கும் பக்கத்தின் மாதிரி தயாரானதும் இந்த இழையிலேயே இணைப்பைப் போடுங்கள். என்விடிஏ, டாக்பேக் இரண்டிலும் பார்த்துச் சொல்கிறேன்.